கடல் வரைபடத்தில் தமிழ் எங்கே?

கடலைப் பற்றி முழங்காத தமிழ் மேடை இல்லை. கலம் என்கின்றோம், கடாரம் என்கின்றோம், 1025-இல் இராசேந்திரன் செலுத்திய கடற்படையை எடுத்தோதிக் கைதட்டல் பெறுகின்றோம். அம் மேடையினின்று இறங்கி வரும் சொற்பொழிவாளர் ஒருவரை நிறுத்தி, "ஐயா, நாகைக் கரையினின்று கிழக்கே பத்துக் கல் சென்றால் கடலின் ஆழம் எத்துணை? அடித்தரை மணலா, சேறா, பாறையா? நீரோட்டம் ஆடியில் எத்திசை, ஐப்பசியில் எத்திசை?" என்று வினவிப் பாருங்கள். விடை வாராது. அவ் விடை கையில் இல்லாமல் இராசேந்திரனின் கலம் ஒன்றேனும் கரையை விட்டு நகர்ந்திருக்குமா?

விடை இல்லாமற் போகவில்லை. அஃது இன்று அச்சிட்ட தாளிலும் மின்திரையிலும் ஒழுங்காக உள்ளது. ஆனால் தஞ்சையில் இல்லை, நாகையில் இல்லை, சென்னையிலும் இல்லை. இமயமலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் அமைந்த தேராதூன் நகரில் உள்ளது. நம் கழிமுகங்களின் ஆழத்தைக் குறித்து வைத்திருக்கும் இந்தியத் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் அங்கேதான் இருக்கின்றது. 1874-இல் கல்கத்தாவில் ஆங்கிலர் தொடங்கிய கடலளவைத் துறை, 1954-இல் தேராதூனுக்குப் பெயர்ந்தது. அவர்தம் வேலையில் குறை கூற எனக்குத் தகுதியில்லை. குறையிருப்பதாகவும் நான் எண்ணவில்லை. நாகைக் கடலின் ஆழத்தை இமயத்தில் அச்சிட்டாலும் ஆழம் மாறிவிடப் போவதில்லை. என் வழக்கு வேறு. அவ் வரைபடம் எம்மொழியில் உள்ளது, அதனைப் படிக்க வேண்டியவன் யார், அவனால் அதைப் படிக்க இயலுமா என்பவையே என் வினாக்கள்.

கடல் வரைபடம் என்பது யாது என முதற்கண் தெளிவோம். நெல்வயல் நடுவே வாழும் நம்மிற் பலர் அதைக் கண்ணாற் கண்டதில்லை. நிலப்படத்தில் நிலம் நிறைந்திருக்கும், கடல் நீலமாய் வெறுமையாய்க் கிடக்கும். கடல் வரைபடத்திலோ நிலம் வெறுமை. கடற்பரப்பு முழுதும் எண்கள். ஒவ்வோர் எண்ணும் ஓரிடத்தின் ஆழம். அவ் வாழமும் நீர் மிகவும் வற்றி நிற்கும் வேளையை அடியாகக் கொண்டு குறித்தது. அப்போதுதான் எந்நேரத்தில் சென்றாலும் காட்டிய ஆழத்திற்குக் குறையாது என்ற உறுதி கலஞ்செலுத்துவோனுக்குக் கிட்டும். எண்களுக்கிடையே மணல், சேறு, பாறை எனத் தரையின் இயல்பு. மூழ்கிய கலத்தின் குறி. கலங்கரை விளக்கம் எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும் என்னும் குறிப்பு. முன்னாளில் ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி அளந்தனர். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி விட்டால் தரையின் மணலோ சேறோ அதில் ஒட்டி மேலே வரும். இன்று கலத்தின் அடியிலிருந்து ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணித்து, ஒரே ஓட்டத்தில் அகன்றதொரு பட்டையையே அளந்து விடுகின்றனர். அளந்ததோடு முடிவதுமில்லை. மணல் நகரும், விளக்கு மாறும், புதிய தடை தோன்றும். மாதம் இருமுறை திருத்த அறிவிப்பு வெளிவரும். கலத்தில் உள்ளவன் அதைப் படித்துத் தன் படத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். நிலப்படம் தவறினால் வழி தவறும். கடற்படம் தவறினால் உயிர் தவறும்.

இவ் வறிவு மேனாட்டார் கொணர்ந்து தந்தது என்று கல்லூரியில் படித்தோர் கூறுவர். அவர்தம் முன் புறநானூற்றின் 30-ஆம் பாட்டை எடுத்து வையுங்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடியது. மேற்பாயைக் களையாமலும் ஏற்றிய சரக்கைக் குறைக்காமலும் பெருங்கலம் ஒன்று புகாரில் நுழைந்ததை அப் புலவர் குறிப்பிடுகின்றார். நாம் அதனைச் செல்வச் சிறப்பென்று உரை சொல்லிக் கடந்து விடுகின்றோம்; யானும் பல்லாண்டு அவ்வாறே வகுப்பில் நடத்தி வந்துள்ளேன். கடலளவையர் ஒருவர் கையில் அப் பாட்டைக் கொடுத்தால் அவர் வேறு பொருள் காண்பார். நிறைசரக்கோடு கலம் நீரில் ஆழ அமிழ்ந்து நிற்கும். சரக்கை இறக்காமல் நுழைந்தது என்றால் காவிரி வாயின் ஆழம் அன்று அதற்குப் போதியதாய் இருந்தது. அப்படி இருந்ததை நுழைவோன் முன்னரே அறிந்துமிருந்தான். அறியாதவன் பாயைச் சுருக்கி, ஆழம் பார்த்துப் பார்த்தன்றோ நுழைவான்! இன்று பூம்புகாரில் காவிரி கடல் சேருமிடத்தைச் சென்று பாருங்கள். கால்வாயளவு ஒடுங்கி, கோடையில் மணல் மூடிக் கிடக்கின்றது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்த நாள்முதல் காவிரி நீரைப் பற்றி ஓயாமல் பேசும் தஞ்சைத் தரணி, அந் நீர் கடலிற் கலக்கும் வாயைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆற்றுக்கு இரு கரை உண்டென்று படித்த நமக்கு, அதற்கு வாய் ஒன்றும் உண்டென்பது மறந்து போயிற்று.

இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி தம் நூலில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கபேரிசு எனக் குறித்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் அரபு மீகான் இப்னு மாசிது, சோழமண்டலக் கரை மீகான்களின் கணக்கைத் தம் இனத்தார் கணக்கோடு ஒப்பிட்டு எழுதினார். ஒப்பிடத் தகுந்த கணக்கு இருந்தமையால்தானே ஒப்பிட்டார்! அக் கணக்கின் கருவியை 1850-இல் காங்கிரீவு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் இக் கரையிலேயே கண்டு, சென்னையில் வெளிவந்த இதழொன்றில் எழுதி வைத்தார். சிறு பலகை, அதன் நடுவே துளை, துளையில் முடிச்சுகள் இட்ட கயிறு. பலகையின் கீழ்விளிம்பைக் கடல்விளிம்போடும் மேல்விளிம்பை வடமீனோடும் பொருத்திப் பிடித்துக் கயிற்றைப் பல்லிற் கடித்தால், எந்த முடிச்சில் பொருந்துகின்றதோ அந்த முடிச்சுக்குரிய துறையின் நேரே கலம் நிற்கின்றது. இராப்பலகை என்பது அதன் பெயர். வடமீன் அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயர்ந்து தோன்றுமோ ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் அகலக்கோடு. நாகை 10 பாகை 46 கலை. கோடியக்கரை 10 பாகை 17 கலை. இடையே 29 கலை. ஒரு கலைக்கு ஒரு கடற்கல், அதாவது 1,852 மீட்டர். ஆக, நாகைக்கும் கோடிக்கும் இடையே தென்வடலாக 29 கடற்கல். எழுதப் படிக்கத் தெரியாத மீகான் இக் கணக்கை ஒரு கயிற்றில் முடிந்து வைத்திருந்தான். நாம் பட்டம் பெற்று, கயிற்றையும் தொலைத்தோம், கணக்கையும் தொலைத்தோம்.

தொலைந்தது எங்ஙனம்? போர்த்துக்கேசியர் வந்தனர், 1620-இல் தேனியர் தரங்கம்பாடியில் இறங்கினர், 1658-இல் ஒல்லாந்தர் நாகையைக் கைப்பற்றினர், 1781-இல் அது ஆங்கிலர் கைக்குப் போயிற்று. வந்த ஒவ்வொருவரும் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று கடலளத்தல். சென்னையில் கும்பினி எழுத்தராய் வாழ்வைத் தொடங்கிய தால்ரிம்பிள் என்பவரே பின்னர் 1795-இல் ஆங்கிலக் கடற்படையின் முதல் நீர்வரைவாளர் ஆனார். சோழமண்டலக் கரையை அளந்த மைக்கேல் தாப்பிங் என்பவர் முயற்சியால் 1794-இல் சென்னையில் அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. இன்று கிண்டியில் நிற்கும் பொறியியற் கல்லூரிக்கு அதுவே வித்து. அப் பள்ளியில் முதலிற் சேர்க்கப் பெற்றோர் ஐரோப்பியர் வழிவந்த சிறுவர் சிலரே. கரையில் பிறந்த பரதவர் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அளக்கும் தொழிலின் முதல் வாயில் அன்று அப்படித்தான் அடைபட்டது.

பெயர்களும் அன்றே போயின. கொள்ளிடம் 'கோலரூன்' ஆயிற்று. தரங்கம்பாடி 'திராங்குபார்' ஆயிற்று. சோழமண்டலம் 'கோரமாண்டல்' ஆயிற்று. கோடியக்கரை முனைக்குக் 'கலிமர்' என்று பெயர். கள்ளிமேடு என்னும் நம் ஊர்ப்பெயரின் திரிபு அஃது என்பர். கோடிக்குத் தெற்கே விரிந்த கடலுக்குப் பாக்கு நீரிணை என்று பாடநூலில் எழுதிப் பிள்ளைகளை ஒப்புவிக்கச் செய்கின்றோம். அவர்கள் வெற்றிலை பாக்கை நினைத்துக் கொள்கின்றனர். அது 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராய் இருந்த இராபர்ட்டு பாக்கு என்பாரின் பெயர். நான்கே ஆண்டு ஆண்டு போனவர் பெயர் இருநூற்றைம்பது ஆண்டாய் நம் கடலின்மேல் மிதக்கின்றது.

பெயர்தானே, போகட்டும் என்பீரோ? அப் படத்தில் கோடுகளும் உள்ளன. 1974 சூன் திங்களில் இந்தியாவும் இலங்கையும் ஒப்பமிட்டு, கோடியின் தென்கிழக்கே தொடங்கி ஆதம்பாலம் வரை கடலில் எல்லை வகுத்தன. ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றும் பாகையிலும் கலையிலும் குறித்தது, புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஒரு கோடு. முதற்புள்ளி 10 பாகை 5 கலை வடக்கு, 80 பாகை 3 கலை கிழக்கு. 1976 மார்ச்சில் அதே புள்ளியிலிருந்து வங்கக் கடலுக்குள் எல்லை நீண்டது. இக் கோட்டிற்கு நீரில் அடையாளம் இல்லை. வரப்பில்லை, வேலியில்லை, கல்லில்லை. அது வாழ்வது வரைபடத்தில் மட்டுமே. அக் கோட்டைக் கடந்தான் என்று சொல்லியே நாகைப் பரதவன் சிறைப்படுகின்றான்; படகை இழக்கின்றான். கோடு வகுத்தது நேர்மையா, கச்சத்தீவைக் கொடுத்தது முறையா என்பது தனி வழக்கு. அதனை இங்கே இழுக்கவில்லை. ஒருவன் உயிரும் உடைமையும் ஒரு தாளில் தீர்க்கப்படுமாயின், அத் தாள் அவன் படிக்கும் எழுத்தில் இருத்தல் வேண்டும். தஞ்சையில் ஒரு குழி நிலத்தின் பத்திரம் தமிழில் இல்லையென்றால் நாம் பொறுப்போமா? கடலின் பத்திரம் ஆங்கிலத்தில் கிடப்பதை மட்டும் எங்ஙனம் பொறுத்தோம்?

கரையோரச் சிற்றூரிலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் இருந்தான். வலைக்குண்டில் ஒட்டி வரும் சேற்றின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எக் கழிமுகத்திற்கு நேராக நிற்கின்றோம் எனச் சொல்லக்கூடியவன். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கிலும் தேர்ந்தவன். கடற்பணிப் பயிற்சிக்கான நேர்காணல் ஒன்றிற்குச் சென்றான். "சவுண்டிங் என்றால் என்ன?" என்று ஆங்கிலத்தில் வினவினர். அவன் ஒலியைப் பற்றி ஏதோ சொன்னான். இருந்தோர் நகைத்தனர், அனுப்பி விட்டனர். ஆழம் அளப்பதற்கு ஆங்கிலன் வைத்த பெயர் அது என அவனுக்குத் தெரியவில்லை. "எத்தனை பாகம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, ஐயா!" என்றான் என்னிடம். இரு கையும் விரித்த அளவு ஒரு பாகம். நம் கரை முழுதும் ஆழத்தை அப்படித்தான் சொல்வர். பிறந்தது முதல் ஆழம் அளந்து வந்தவனை, ஆழம் அளக்கத் தெரியாதவன் என்று தள்ளிய தேர்வு யாருடைய அறியாமையை அளந்தது?

வேலையோ பெருகிக் கொண்டிருக்கின்றது. 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகக் கடலடியில் இக்காலத் தரத்தில் அளந்து முடிந்தது ஏறத்தாழ 27 விழுக்காடு. எஞ்சியதை அளக்க ஆள் வேண்டும். கடற்படையில் அளவைப் பணி, துறைமுகங்களில் ஆழம் பேணும் பணி, தூர்வாரும் நிறுவனங்கள், கலங்கரை விளக்கப் பணி, துறைமுகத்திற்குள் கலத்தை அழைத்து வரும் வழிகாட்டிப் பணி எனத் துறைகள் பல. கோவாவில் உள்ள தேசிய நீர்வரைவியல் நிறுவனம் அயல்நாட்டாருக்கும் இக் கலையைக் கற்பிக்கின்றது. இந்தியக் கடற்படைக்கென அண்மையில் எழுந்த நான்கு பெரிய அளவைக் கலங்களுள் மூன்று சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் உருவாகி நீரில் இறங்கியவை. முதற்கலம் 2024 பிப்பிரவரியில் பணியேற்றது. அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: சந்தாயக், நிர்தேசக், இக்சக், சன்சோதக். இரும்பு வெட்டியதும் பற்றவைத்ததும் தமிழ்க்கரையில். பெயர் சூட்டியது சமற்கிருதத்தில். வரையும் படம் ஆங்கிலத்தில். அக் கலம் அளக்கப் போகும் கடலின் கரையில் வாழ்பவனுக்கு இம் மூன்றிலும் எது சென்று சேர்ந்தது?

இனி மறுப்புக்கு வருவோம். "கடற்பயணம் பன்னாட்டு வேலை, நாகைக்கு வரும் கிரேக்கக் கப்பலுக்குத் தமிழ்ப் படம் கொடுத்தால் அவன் பாறையில் மோத மாட்டானா?" என்று கேட்பர். கேட்கத்தக்க கேள்விதான். கிரேக்கனுக்கு ஆங்கிலப் படம் இருக்கட்டும். அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. கூடவே தமிழும் வேண்டும் என்கின்றோம். இதற்கு இடமே இல்லை என்பாராயின், பன்னாட்டு நீர்வரைவியல் அமைப்பு வகுத்த 'எசு-57' என்னும் மின்வரைபடத் தரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2000-இல் வெளிவந்த அதன் 3.1-ஆம் பதிப்பில், முனை, ஆறு, விளக்கம் ஆகிய எதற்கும் பெயரெழுத இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று அனைத்து நாட்டாரும் படிக்கும் பெயருக்கு. மற்றொன்று அந்தந்த நாட்டு மொழிப் பெயருக்கு, அந்தந்த எழுத்திலேயே. உலகமே நம் மொழிக்கு ஓர் இருக்கையைப் போட்டு வைத்திருக்கின்றது. கொள்ளிட வாய் முதல் முத்துப்பேட்டைக் காயல் வரை அவ் விருக்கையில் தமிழை அமர்த்த என்ன தடை? ஏறத்தாழ ஐம்பத்தைந்து இலக்கம் மக்களே வாழும் பின்லாந்து, தன் கடல் வரைபடங்களில் பின்னிய மொழியையும் சுவீடிய மொழியையும் சேர்த்து எழுதுகின்றது. அங்கே கப்பல்கள் ஒன்றும் கவிழ்ந்து விடவில்லை. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் மீன்வளம் மிக்க இடங்களைத் தமிழிலும் அறிவிக்கின்றது. மீன் இருக்குமிடத்தைத் தமிழிற் சொல்ல முடியுமாயின், பாறை இருக்குமிடத்தைச் சொல்ல முடியாதா?

நம்மவர்க்கும் ஒரு சொல். இவ் வேலையைத் தொடங்கினால், உடனே குழு அமைத்துக் கலைச்சொல் ஆக்கப் புறப்படுவோம். அறையில் அமர்ந்து அகராதியைப் புரட்டி, பரதவன் வாயில் நுழையாத நீண்ட சொற்றொடர்களைப் படைப்போம். வேண்டா. ஆழத்திற்குப் பாகம் இருக்கின்றது; கடலடிப் பாறைக்குப் பார் இருக்கின்றது; காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் இருக்கின்றன. சென்னைக் கரையில் தெற்கிருந்து ஓடும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும் வடக்கிருந்து ஓடுவதை வன்னி என்றும் கூறுவர். கலங்கரை விளக்கம் என்னும் சொல்லைச் சிலப்பதிகாரமே வைத்திருக்கின்றது. பொருளும் பயனும் கெடாது பரதவர் காத்த சொல்லுக்கு முன்னால் புலவர் ஆக்கும் சொல் நிற்காது. மாலுமி என்னும் சொல்லைக்கூட அவசரப்பட்டுத் துரத்த வேண்டா. அது முஅல்லிம் என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது; ஆசிரியன் என்பது பொருள். மீகான் என்று எழுதவே நான் விரும்புவேன். ஆயினும் கலஞ்செலுத்துவோனை ஆசிரியன் என்றழைத்த அரபியனை ஓர் ஆசிரியனாகிய நான் பகைக்க இயலுமா?

ஏட்டையும் மறவாதீர்கள். சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் 1950-இல் 'கப்பல் சாத்திரம்' என்னும் பழஞ்சுவடியை அச்சிட்டது. அதனைப் படித்த தமிழாசிரியர் எத்தனை பேர்? கோடியக்கரையில் சோழர் காலத்ததென வழங்கி வந்த பழைய கலங்கரை விளக்கத்தின் எச்சம் 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் சிதைந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்ட அந் நாளில் கல்லுக்கு அழ நேரமில்லைதான். ஆனால் அதற்கு முன் ஆயிரம் ஆண்டு இருந்ததே, அதனை யார் அளந்து வரைந்து வைத்தோம்?

செய்ய வேண்டியது சொல்லுகின்றேன். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாற்றுக்கென்று ஒரு துறை இருக்கின்றது. 1981 முதல் அறிவியல் தமிழுக்கென்று அப் பல்கலைக்கழகம் உழைத்தும் வந்துள்ளது. அங்கிருந்து கொள்ளிடம் முதல் முத்துப்பேட்டை வரையிலான கடல்வழிக் கையேடு ஒன்று தமிழில் வெளிவர வேண்டும்: ஆழம், தரை, ஓட்டம், விளக்கு, எல்லைக்கோட்டின் புள்ளிகள் அனைத்தும் அடங்கியதாக. கடற்பணித் தேர்வுகளில் பொருளறிவைத் தமிழிலும் வினவ வேண்டும். ஆங்கிலம் பின்னர்ப் பயிற்சியில் கற்கட்டும். மின்வரைபடத்தின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்ப்பெயர் ஏற வேண்டுமெனத் தமிழக அரசு தேராதூனுக்கு எழுத வேண்டும்.

அரசு எழுதும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. பழையாறு, பூம்புகார், தரங்கம்பாடி, நாகை, வேளாங்கண்ணி, திருமறைக்காடு, கோடியக்கரை, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய இடங்களில் பணிபுரியும் தமிழாசிரியர்கள், தத்தம் கரையில் முதியோரிடம் சென்று, அவ்வூர்க்கு நேரே கடலில் உள்ள பார்கள், மேடுகள், பள்ளங்கள், ஓட்டங்கள் ஆகியவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதுக. எத்தனை பாகம் என்பதையும், கரையில் எந்தக் கோபுரத்தையும் எந்தப் பனையையும் நேர்கோட்டில் வைத்து அவ்விடத்தை அடையாளம் காண்கின்றனர் என்பதையும் மறவாது குறித்திடுக. பட்டியலை இவ் விதழுக்கு விடுத்தால், ஊர் ஊராக, கிடைத்த வடிவிலேயே வெளியிடும்படி ஆசிரியரை வேண்டிக்கொள்வேன். தரங்கம்பாடிக் கரைப் பட்டியலைத் தொடங்கும் பொறுப்பு என்னுடையது.